குற்றவியல் படிக்க விரும்பும் பிள்ளையைத் தடுக்காதீர்கள்

கிறிஸ்துவில் அன்புக்குரிய பேர்கன் வாழ் தமிழ் இறைமக்களே,

ஏப்ரல் 15 நெருங்கும் காலத்தில் நம் வீடுகள் பலவற்றில் ஒரே பேச்சுத்தான். மேல்நிலைப் பள்ளியை முடிக்கவிருக்கும் பிள்ளை, உயர்கல்விக்கான விண்ணப்பத்தில் எதை முதல் விருப்பமாகப் பதிவது? மருத்துவம், பொறியியல், சட்டம், பொருளியல் என்றால் வீட்டில் அமைதி நிலவுகிறது. "குற்றவியல்" என்று பிள்ளை சொன்னால் அந்த அமைதி குலைந்துவிடுகிறது. ஞாயிறு திருப்பலிக்குப் பின் கோப்பி அருந்தும் வேளையில், "ஃபாதர், நீங்கள் ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. பிள்ளையின் மனத்தை நான் மாற்ற வேண்டும் என்பதே அவர்களின் எதிர்பார்ப்பு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை சொல்வதைவிட, என் கருத்தை இங்கு எழுதிவிடுவது நல்லது என்று எண்ணுகிறேன்.

என் கருத்து இதுதான்: பிள்ளையைத் தடுக்காதீர்கள். ஆனால் அந்தப் படிப்பு எதைத் தரும், எதைத் தராது என்பதை நீங்களும் பிள்ளையும் நன்கு அறிந்த பின் அனுப்புங்கள்.

தராதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். குற்றவியல் பட்டம் ஒருவரைப் பொலிஸ் அதிகாரி ஆக்காது. அதற்குப் பொலிஸ் உயர்கல்லூரியின் மூன்றாண்டுப் பட்டம் தனியாக உண்டு. சட்டத்தரணி ஆக்காது, அதற்கு ஐந்தாண்டுச் சட்ட முதுமாணிப் பட்டம் வேண்டும். சிறை அலுவலர் ஆவதற்கும் இரண்டாண்டுக் கல்வி வேறாக இருக்கிறது. தொலைக்காட்சித் தொடர்களில் வருவதுபோல் இரத்தத் துளியையும் கைரேகையையும் கொண்டு கொலையாளியைக் கண்டுபிடிப்பது தடயவியல் எனும் வேறொரு துறை. இவற்றில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு குற்றவியலுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளை ஏமாற்றமே அடையும்.

அப்படியானால் குற்றவியல் என்பது என்ன? ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் 1954ஆம் ஆண்டு முதல் இதற்கென ஒரு நிறுவகம் இருந்து வருகிறது. இன்று அது சட்ட பீடத்தின்கீழ், குற்றவியலுக்கும் சட்டச் சமூகவியலுக்கும் உரிய துறையாக இயங்குகிறது. இளமாணிப் பட்டம் மூன்று ஆண்டுகள், 180 கல்விப் புள்ளிகள். சட்ட பீடத்தில் இருந்தாலும் இது அடிப்படையில் ஒரு சமூக அறிவியலே. எந்தச் செயலைக் குற்றம் என்று ஒரு சமூகம் முடிவு செய்கிறது? அந்த முடிவை எடுப்பவர் யார்? ஒரே செயலைச் செய்த இருவரில் ஒருவர் சிறைக்கும் மற்றவர் ஓர் எச்சரிக்கையோடு வீட்டுக்கும் போவது எதனால்? பொலிசாரின் பதிவேட்டில் ஏறும் குற்றங்களுக்கும் உண்மையில் நடக்கும் குற்றங்களுக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது? தண்டனை, தண்டிக்கப்பட்டவரை என்ன செய்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு எதைத் திருப்பிக் கொடுக்கிறது? இவையே அங்கு கேட்கப்படும் கேள்விகள்.

இது மேலைநாட்டாரின் விநோதப் படிப்பு என்றும் எண்ணிவிட வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1965இலேயே குற்றவியல் துறை தொடங்கப்பட்டது. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இத்துறை உண்டு. இலங்கையில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் இது கற்பிக்கப்படுகிறது.

இந்தக் கேள்விகளால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு, நாம் வாழும் இதே பேர்கனில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1981இல் குன்னார் நூர்தூஸ், எட்வர்ட் வோக்த் என்னும் இரு ஆய்வாளர்கள் இந்நகரில் வன்முறைக்கு உள்ளானவர்களைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டனர். காயப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் பொலிசாராலேயே தாக்கப்பட்டவர்கள் என்று அந்நூல் கூறியது. நாடே அதிர்ந்தது. ஒஸ்லோவின் சட்டப் பேராசிரியரான அன்டெர்ஸ் பிரத்ஹோல்ம் இவ்விடயத்தை ஆராய்ந்து பல ஆண்டுகள் தொடர்ந்து எழுதினார். ஆனால் காலப்போக்கில் காற்றுத் திசைமாறியது. பொலிசாருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்கள் மீதே, பொய்க் குற்றம் சுமத்தினார்கள் என்று வழக்குத் தொடரப்பட்டது. பலர் தண்டிக்கப்பட்டனர். முறையிட்டவரையே முறைப்பாடு திரும்பி வந்து தாக்கியதால் இவற்றுக்குப் 'பூமராங் வழக்குகள்' என்று பெயர் வந்தது. 1998இல்தான் உச்ச நீதிமன்றம் இவ்வழக்குகளை மீளத் திறக்க இடமளித்தது. அதன்பின் அவர்கள் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டனர். நூல் வெளிவந்து 17 ஆண்டுகள் கழிந்திருந்தன.

நோர்வே போன்ற ஒரு நாட்டில், பேர்கன் போன்ற ஓர் அமைதியான நகரில் இது நடந்தது. சமூகத்தில் மதிப்போ குரலோ இல்லாதவர்களின் காயங்களை யாரோ இருவர் உட்கார்ந்து எண்ணியிராவிட்டால் அக்காயங்கள் நடந்ததாகவே இருந்திராது. குற்றவியலின் முதல் வேலை அதுதான்: எவரும் எண்ண விரும்பாததை எண்ணுவது.

இத்துறையில் நோர்வேக்கு உலகப் புகழ் தேடித் தந்தவர் நீல்ஸ் கிறிஸ்டி. 1928இல் பிறந்து 2015இல் மறைந்தவர்; 1966இல் இந்நாட்டின் முதல் குற்றவியல் பேராசிரியரானவர். அவருடைய முதல் ஆய்வு, அவர் மாணவராக இருந்தபோதே செய்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியர், யூகோஸ்லாவியக் கைதிகளை நோர்வேயின் வடபகுதிக்குக் கொண்டுவந்து முகாம்களில் அடைத்தனர். அங்கு காவல் புரிந்தவர்களுள் நோர்வேஜிய இளைஞரும் இருந்தனர். கைதிகளைக் கொன்றதற்காகவும் வதைத்ததற்காகவும் அவர்களிற் சிலர் போருக்குப் பின் தண்டிக்கப்பட்டனர். அவ்வாறு தண்டிக்கப்பட்ட காவலரையும், அதே முகாம்களில் இருந்தும் கொடுமை செய்யாத காவலரையும் கிறிஸ்டி நேரில் கண்டு பேசினார். கொடுமை செய்தவர்கள் பேய்களாக இருக்கவில்லை. சாதாரண நோர்வேஜியராகவே இருந்தனர். வேறுபாடு ஓரிடத்தில் தெரிந்தது. கொடுமை செய்யாதவர்கள் கைதிகளோடு பேசியிருந்தனர். அவர்களின் குடும்பப் படங்களைப் பார்த்திருந்தனர். அவர்களை மனிதராகக் காணும் அளவுக்கு நெருங்கியிருந்தனர்.

போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நாட்டில் இதைக் கேட்க எவரும் விரும்பவில்லை. 1952இல் முடிந்த அந்த ஆய்வு முழு நூலாக வெளிவர 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே வடபகுதியின் மீன் தொழிற்சாலைகளில்தான் நம் மூத்தவர்கள் பலர் 1980களில் குளிரில் நின்று மீன் வெட்டித் தம் குடும்பங்களைக் காத்தனர். அவர்கள் உழைத்த மண்ணின் இந்த வரலாற்றை அவர்களின் பேரப்பிள்ளைகள் கற்பதில் என்ன குறை?

நமக்கென்றும் ஒரு நினைவு உண்டு. 1983 ஜூலை 25இலும் 27இலும் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழர் கொல்லப்பட்டனர். அரசின் பூட்டுக்குள், அரசின் பொறுப்பில் இருந்தவர்கள் அவர்கள். இன்றுவரை அதற்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அருட்தந்தை சிங்கராயரும் அருட்தந்தை சின்னராசாவும் அச்சிறையில் இருந்து உயிர் தப்பியவர்கள் என்பது நம் மூத்த தலைமுறைக்குத் தெரியும். ஆண்டுதோறும் நாம் அந்நாளை நினைவுகூருகிறோம். ஆனால் ஒரு சிறைக்குள் அது எப்படி நடக்க முடிந்தது, காவலர் எப்படிப் பார்த்துக்கொண்டு நின்றனர், விசாரணைகள் எப்படி வெறுமையாக முடிந்தன என்பவற்றை முறைப்படி ஆராயும் பயிற்சி பெற்றவர்கள் நம்மிடையே எத்தனை பேர்?

1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் நிலையில் அல்லது அதற்கு மேல் உள்ள அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சான்றாகும் என்று அது வகுத்தது. அந்த ஒரு விதியால் எத்தனை இளைஞரின் வாழ்க்கை சிறையில் கழிந்தது என்பது நமக்குத் தெரியும். செய்யாததைச் செய்ததாக ஒரு மனிதன் ஏன் ஒப்புக்கொள்கிறான் என்பது குற்றவியலின் முக்கியமான கேள்விகளுள் ஒன்று. நோர்வேயும் அதற்கு விலை கொடுத்திருக்கிறது. செவிப்புலன் இழந்த பிரித்ஸ் மூயன் என்பவர், தாம் செய்யாத இரு கொலைகளுக்காக 18 ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டிருந்தார். ஒரு கொலையிலிருந்து 2004இல் விடுவிக்கப்பட்டார். மற்றதிலிருந்து விடுவிக்கப்பட்டபோது, 2006இல், அவர் உயிரோடு இல்லை. இத்தகைய தவறுகளுக்குப் பின் இந்நாட்டுப் பொலிசாரின் விசாரணை முறையே மாறியது. வாக்குமூலத்தைக் கறக்கும் கேள்விகள் விலக்கப்பட்டு, சொல்ல வைத்துக் கேட்கும் முறை கற்பிக்கப்பட்டது. அம்மாற்றத்துக்காக உழைத்தவர்களுள் ஒருவரான ஆஸ்பியோர்ன் ரக்லேவ், பொலிஸ் அதிகாரியாக இருந்துகொண்டே இந்தத் தவறுகளை ஆராய்ந்து 2009இல் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். ஒரு பல்கலைக்கழக ஆய்வு விசாரணை அறையின் கதவு வரை செல்ல முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இப்போது நம் வீட்டுக்குள் வருவோம். நாம் ஒழுங்கான சமூகம், நம் பிள்ளைகள் படிக்கிறார்கள், நமக்கும் குற்றத்துக்கும் தொடர்பில்லை என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். பெருமளவுக்கு அது உண்மையே. ஆனால் அடிபட்ட மனைவியிடம் "பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்" என்று சொல்லி அனுப்பிய வீடுகளும் நம்மிடையே உண்டு. பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்த்த பிணக்குகளில், தீர்ந்தது குடும்பத்தின் மானப் பிரச்சினை மட்டுமாகவும், தீராமல் நின்றது பாதிக்கப்பட்டவரின் துன்பமாகவும் இருந்தது உண்டு. பிள்ளையை அடிப்பதை இந்நாட்டுச் சட்டம் 1987இலேயே வெளிப்படையாகத் தடை செய்தது. அந்தச் சட்டத்தின் நியாயத்தை நமக்குத் தமிழில் விளக்கிச் சொல்ல ஆளில்லாததால், பார்னவேர்ன் என்ற சொல்லையே அச்சத்தோடு உச்சரிக்கப் பழகிவிட்டோம்.

பேசித் தீர்க்கும் நம் மரபில் நன்மை இல்லாமல் இல்லை. 1977இல் கிறிஸ்டி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றின் சாரமே, பிணக்கு அதில் சிக்கிய மனிதருக்கு உரியது, அதை அரசும் சட்டத்தரணிகளும் பறித்துக்கொண்டனர் என்பதுதான். அவ்வகைச் சிந்தனை இந்நாட்டில் பிணக்குத் தீர்வு மன்றங்களாக வளர்ந்து, 1991இல் சட்டமாயிற்று. அங்கு நடுவராக அமர்பவர்கள் நீதிபதிகள் அல்லர். நான்கு ஆண்டுகளுக்கு நியமிக்கப்படும் சாதாரண குடிமக்கள். நம் ஊர்ப் பெரியவர் கூட்டத்துக்கும் இதற்கும் உள்ள முக்கிய வேறுபாடு, பாதிக்கப்பட்டவர் இங்கு விரும்பி வருகிறார், தன் வாயால் பேசுகிறார் என்பதே. இரண்டு மரபுகளையும் அறிந்த ஒரு தமிழ்ப் பிள்ளை இவற்றுக்கிடையே எவ்வளவு நல்ல பாலமாக இருக்க முடியும் என்று எண்ணிப் பாருங்கள்.

"குற்றம் செய்தவரைப் புரிந்துகொள்ளப் போய், குற்றத்தையே நியாயப்படுத்தத் தொடங்கிவிடுவார்கள்" என்று சிலர் அஞ்சுகின்றனர். 2011 ஜூலை 22ஐ நினைவுகூருங்கள். ஒரே நாளில் 77 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் 69 பேர் உத்தோயாத் தீவில். அத்தீவிலிருந்து நீந்தி உயிர் தப்பியவர்களுள் நம் கம்சாயினி குணரத்தினமும் ஒருவர். பின்னர் ஒஸ்லோவின் துணை மேயராகவும், 2021இல் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனவர். கொலையாளி மனநோயாளியா இல்லையா என்பதில் இரு மருத்துவக் குழுக்கள் ஒன்றுக்கொன்று எதிரான முடிவுகளைத் தந்தன. நீதிமன்றம் இரண்டையும் பொறுமையாகக் கேட்டு, அவன் தன் செயலுக்குப் பொறுப்பானவன் என்று தீர்ப்பளித்து, நீடிக்கப்படக்கூடிய 21 ஆண்டுத் தடுப்புச் சிறையை 2012இல் விதித்தது. அவனைப் புரிந்துகொள்ள எடுத்த முயற்சி தண்டனையைக் குறைக்கவில்லை, தீர்ப்பை உறுதியாக்கியது.

"குற்றவாளிகளோடு பழக வேண்டி வருமே" என்பது இன்னோர் அச்சம். பேர்கன் சிறை ஓசானேயில் இருக்கிறது. நம்மில் பலர் அதைக் கடந்துதான் வேலைக்குப் போகிறோம். சுதந்திரத்தை இழப்பதே தண்டனை, மற்ற உரிமைகள் தொடரும் என்பது இந்நாட்டின் கொள்கை. ஆகவே வெளியே இருக்கும் அதே பொதுப் பள்ளியும் மருத்துவமும் நூலகமும் சிறைக்குள்ளும் சேவை செய்கின்றன. நாடு முழுவதிலும் உள்ள சிறைக் கல்விக்கான பொறுப்பு நம் வெஸ்ட்லாந்து மாநில ஆளுநர் அலுவலகத்திடமே உள்ளது. நோர்வேயில் ஓர் இலட்சம் மக்களுக்கு ஏறத்தாழ 55 முதல் 60 பேர் சிறையில் உள்ளனர். அமெரிக்காவில் அது 500க்கு மேல். எனினும் இங்கும் எல்லாம் செம்மையாக இல்லை. கைதிகள் நாள்முழுதும் தனிமையில் அடைபடுவதை நாடாளுமன்றத்தின் குறைகேள் அதிகாரி 2019இல் தனி அறிக்கை ஒன்றில் கடுமையாகக் கண்டித்தார். சிறையில் இருப்பவரைச் சந்திப்பதை இரக்கச் செயல்கள் ஏழனுள் ஒன்றாகத் திருச்சபை எண்ணுகிறது. அதையே ஒரு பிள்ளை தன் வாழ்நாள் பணியாக எண்ணினால், கத்தோலிக்கப் பெற்றோர் அதற்காக வெட்கப்படலாமா?

வேலைவாய்ப்புப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். இப்பட்டத்தோடு ஒரு தொழிற்பெயர் கிடைப்பதில்லை. சமூகப் பணியோ தாதியியலோ படித்தவருக்கு இருப்பதுபோல் நேரான பாதை இதற்கு இல்லை. சிறை மற்றும் நன்னடத்தைச் சேவை, நாவ், குடிவரவுத் திணைக்களம், நகராட்சிகளின் குற்றத் தடுப்புப் பணி, பொலிஸ் துறையின் சிவில் பதவிகள், அமைச்சுகள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றில் இடம் உண்டு. ஆனால் அவ்விடங்களுக்குச் சமூகவியலும் அரசறிவியலும் படித்தவர்களும் போட்டியிடுவர். இளமாணியோடு நிறுத்தாமல் முதுமாணி வரை செல்வது நல்லது. கல்விக் கட்டணம் இல்லை; கல்விக் கடனில் ஒரு பகுதி, படிப்பை முடித்தால் உதவித்தொகையாக மாறும். எனினும் ஒஸ்லோவின் வீட்டு வாடகை சிறிதன்று. இதையெல்லாம் கணக்கிட்டே முடிவெடுங்கள்.

பேர்கனில் சட்டமும் சமூகவியலும் படிக்கலாம். குற்றவியலை முழு இளமாணிப் பட்டமாகப் படிக்க விரும்புவோர் பெரும்பாலும் ஒஸ்லோவையே நாடுகின்றனர். புகையிரதத்தில் ஏறத்தாழ ஏழு மணிநேரத் தூரம். ஊரையும் உறவையும் விட்டுக் கடல் கடந்து வந்த நமக்கு இது பெருந்தூரமாகத் தோன்றுவதுதான் விந்தை.

இளையோருக்கும் மூன்று சொற்கள். பரபரப்பான கொலைக் கதைகளில் உள்ள ஆர்வத்தை மட்டும் நம்பி இதற்குப் போகாதீர்கள். முதல் ஆண்டில் உங்கள் கையில் இருப்பவை கோட்பாடும் புள்ளிவிவரமும்தான். நல்ல நோர்வேஜிய உரைநடை எழுதப் பழகுங்கள். இத்துறையின் கருவி எழுத்தே. படிக்கும்போதே செஞ்சிலுவைச் சங்கம் போன்ற ஓர் அமைப்பில், விடுதலையாகி வந்தவருக்குத் துணையாகவோ இளையோர் பணியிலோ சேருங்கள். அந்த அனுபவம் சான்றிதழுக்கு உயிர் தரும். இப்பணி உங்களுக்கு ஏற்றதா என்பதையும் காட்டிவிடும்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை விண்ணப்பத்தில் இப்படிப்பை முதல் விருப்பமாக எழுதினால், "ஏன்?" என்று கேளுங்கள். விடையை இடையில் வெட்டாமல் முழுவதும் கேளுங்கள். விடை பொழுதுபோக்கு ஆர்வமாகத் தோன்றினால் இன்னும் சிந்திக்கச் சொல்லுங்கள். அநீதி ஒன்று அந்தப் பிள்ளையின் நெஞ்சில் தைத்திருப்பது தெரிந்தால், வழிவிடுங்கள், செபத்தோடு அனுப்பிவையுங்கள். அப்படிப்பட்ட பிள்ளைகள் நம் இனத்துக்குத் தேவை.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் நிலைப்பதாக.

உங்கள் அருட்பணியாளர்